வேரைப் பிடுங்கினாலும் இலையிலிருந்து முளைப்பது: குடல் புற்றுநோய் ஏன் மருந்துக்குத் தப்புகிறது

"ஸ்கேன்ல ஒண்ணுமே இல்லைன்னு சொன்னாங்களே, அப்புறம் எப்படித் திரும்ப வந்துச்சு?"

பெருங்குடல் புற்றுநோய்க்கு சிகிச்சை பார்த்த குடும்பங்களில் பலர் இந்தக் கேள்வியோடுதான் இரண்டாவது முறை டாக்டர் அறைக்குள் நுழைகிறார்கள். கிடைக்கிற பதில் பெரும்பாலும் ஒரே வரி: மருந்துக்கு எதிர்ப்பு வந்துவிட்டது. வெளியே இன்னும் பலர் காத்திருப்பார்கள், பேச்சு அதோடு முடிந்துவிடும். அந்த ஒரு வரிக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் உலகத்தின் பல ஆய்வகங்களில் முனைவர் பட்டம் முடித்த இளம் ஆய்வாளர்கள், போஸ்ட்டாக் என்பார்களே அவர்கள், வருடக்கணக்காக உழைக்கிறார்கள். அவர்கள் வாயில் அடிக்கடி வரும் சொல் 'செல் நெகிழ்தன்மை'. இதைப் புரிந்துகொள்ள உயிரியல் படித்திருக்க வேண்டியதில்லை. நம் குடல் தினமும் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்தால் போதும்.

குடலின் உள்சுவரை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் அது வழவழப்பான குழாய் கிடையாது. ஊசியால் குத்திவைத்த மாதிரி லட்சக்கணக்கான சின்னச் சின்னக் குழிகள். ஒவ்வொரு குழியின் அடியிலும் சில ஸ்டெம் செல்கள் இருக்கும், அவைதான் தாய் செல்கள். அவை ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்க, பிறக்கும் பிள்ளை செல்கள் குழியின் சுவரோரமாக மேலே ஏறும். ஏறும்போதே ஆளுக்கொரு வேலையை எடுத்துக்கொள்ளும்: ஒன்று தண்ணீரை உறிஞ்சும், ஒன்று வழவழப்பான சளியைச் சுரக்கும், இன்னொன்று ஹார்மோன் சுரக்கும். உச்சிக்குப் போனதும் உதிர்ந்துவிடும். கீழே பிறந்து மேலே உதிர்வதற்கு நான்கைந்து நாள்தான். அதாவது இன்று உங்கள் குடலின் உள்பக்கம் இருக்கும் தோல் போன வாரம் இருந்த தோல் இல்லை. உணவும் கழிவும் கிருமியும் உரசிக்கொண்டே போகும் இடம் அது, இப்படிப் புதுப்பித்துக்கொள்ளாவிட்டால் தாங்காது.

அந்த அடிக்குழித் தாய் செல்களை அடையாளம் காட்டும் ஒரு குறியைக் கண்டுபிடித்தது 2007-இல். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரத்தில் ஹான்ஸ் கிளெவர்ஸ் ஆய்வகத்தில் நிக் பார்க்கர் செய்த வேலை அது. எல்.ஜி.ஆர்.5 என்று அந்தக் குறிக்குப் பெயர். பெயர் எண்ணெழுத்தாகப் பயமுறுத்தினாலும், தாய் செல்லின் நெற்றிப்பொட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பொட்டு இருந்தால் தாய், மேலே ஏறி வேலை எடுத்துக்கொண்டதும் பொட்டு அழிந்துவிடும். 2009-இல் அதே ஆய்வகத்தில் தோஷிரோ சாட்டோ, பொட்டு வைத்த ஒரே ஒரு செல்லை எடுத்து, ஜெல்லியில் வைத்து, சரியான ஊட்டம் கொடுத்து, அதிலிருந்து குழியும் மேடுமாக ஒரு குட்டிக் குடலையே வளர்த்துக் காட்டினார். ஆர்கனாய்டு என்று இன்று எல்லோரும் சொல்வது அதைத்தான். அது இல்லாமல் இன்றைய குடல் புற்றுநோய் ஆராய்ச்சியில் பாதி நடந்திருக்காது.

சரி, இதுவரை கதை நேர்கோட்டில் போகிறது. தாய் கீழே, பிள்ளை மேலே, ஒரு வேலையை எடுத்தவர் திரும்ப மாட்டார். பாடப்புத்தகமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது. வாடிங்டன் என்ற பிரிட்டிஷ் உயிரியலாளர் 1957-இல் இதற்கு ஒரு படமே வரைந்து வைத்தார்: மலை உச்சியிலிருந்து ஒரு பந்து உருண்டு, வழியில் ஏதோ ஒரு பள்ளத்தாக்கில் இறங்கி, அடியில் போய் நிற்கும். பந்து தானாக மலையேறாது.

ஏறும் என்று காட்டியது குடல்தான். 2011-இல் எலியின் குடலில் பொட்டு வைத்த தாய் செல்களை மட்டும் குறிவைத்துக் கொன்று பார்த்தார்கள். குடல் சுருங்கிச் செத்திருக்க வேண்டும், ஆனால் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த வருடமே, சுரக்கிற வேலைக்குத் தயாராகிக்கொண்டிருந்த இளம் செல்கள், குழி சேதமானதும் கீழே இறங்கி வந்து தாயாகவே மாறிவிடுவதைக் கண்டார்கள். பிறகு உறிஞ்சுகிற பக்கத்து இளம் செல்களும் அதையே செய்வது தெரிந்தது. கதிர்வீச்சு பட்டாலோ, கிருமி தாக்கிப் புண்ணானாலோ, தாய் செல்கள் எளிதில் சாகும், ஏனென்றால் அவை ஓயாமல் பிரிந்துகொண்டிருக்கின்றன. அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் யாராவது அந்த இடத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். மரபணுவில் ஓர் எழுத்துகூட மாறாமல், எந்த மரபணு பேசுவது எது வாயை மூடுவது என்ற ஏற்பாட்டை மட்டும் மாற்றிக்கொண்டு, ஒரு செல் இன்னொரு செல்லாக ஆகிறது. இதுதான் நெகிழ்தன்மை. இது நோய் இல்லை. நம்மைக் காப்பாற்ற உடல் வைத்திருக்கும் வழி.

இந்த இடத்தை நன்றாக மனதில் வையுங்கள், ஏனென்றால் புற்றுநோய் புதிதாக எதையும் கண்டுபிடிப்பதில்லை, இதையே எடுத்துக்கொள்கிறது.

குடல் புற்றுநோய் ஒரே நாளில் வருவதில்லை. பெரும்பாலானவர்களுக்கு ஏ.பி.சி. என்ற மரபணு பழுதாவதில் தொடங்கும். அது 'பிரிந்தது போதும், நிறுத்து' என்று சொல்லும் கட்டுப்பாட்டின் ஒரு பகுதி. அது போனதும் சுவரில் சின்ன முளை, பாலிப் என்பார்கள், உண்டாகும். பிறகு கே.ராஸ், அப்புறம் பி53 என்று மரபணுக்கள் ஒவ்வொன்றிலும் பழுது சேரச் சேர அந்த முளை புற்றாகும், இதற்குப் பல வருடங்கள் பிடிக்கும். 1990-இல் ஃபியரானும் வோகெல்ஸ்டைனும் கொடுத்த இந்தப் படிப்படியான விளக்கம் இன்றும் நிற்கிறது. முளையாக இருக்கும்போதே கொலோனோஸ்கோப்பியில் பார்த்து எடுத்துவிட்டால் கதை அங்கேயே முடிந்தது. முடியாமல் போவதால்தான் 2022-இல் மட்டும் உலகம் முழுக்க 19 லட்சம் பேருக்கு மேல் புதிதாக இந்த நோய் கண்டறியப்பட்டது, 9 லட்சம் பேருக்கு மேல் இறந்தார்கள். இறப்பில் பெரும்பங்கு கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ பரவிய பிறகு நடப்பது.

கட்டிக்குள்ளும் அதே குடும்ப அமைப்புதான் இருக்கிறது. பொட்டு வைத்த தாய் செல்கள் கொஞ்சம், அவற்றின் பிள்ளைகள் நிறைய. இதைப் பார்த்ததும் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை வந்தது. தோட்டத்தில் கோரை முளைத்தால் என்ன செய்வோம்? மேலே அரிந்தால் திரும்ப வரும், கிழங்கைத் தோண்டி எடுத்தால்தான் போகும். அதே மாதிரி கட்டியின் தாய் செல்களை மட்டும் தேடிக் கொன்றால் மீதி தானாகக் காய்ந்துவிடும் அல்லவா?

2017-இல் இரண்டு குழுக்கள் இதைச் செய்து பார்த்தன. ஒன்று கலிபோர்னியாவில் ஜெனென்டெக் நிறுவனத்தில், இன்னொன்று டோக்கியோவில், உட்ரெக்டிலிருந்து ஜப்பான் திரும்பியிருந்த சாட்டோவின் ஆய்வகத்தில். ஜெனென்டெக் செய்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். தொண்டை அடைப்பான் கிருமியின் நச்சு மனித செல்லைக் கொல்லும், எலி செல்லை ஒன்றும் செய்யாது, ஏனென்றால் எலி செல்லில் அந்த நச்சு நுழையச் சரியான வாசல் இல்லை. ஆகவே எலியின் புற்றுச் செல்களில், பொட்டு வைத்தவற்றில் மட்டும் திறக்கிற மாதிரி அந்த வாசலைக் கட்டினார்கள். பிறகு எலிக்கு நச்சை ஊசி போட்டால், எலிக்கு ஒன்றும் ஆகாது, கட்டிக்குள் இருக்கும் தாய் செல்கள் மட்டும் சாகும். போட்டார்கள். தாய் செல்கள் செத்தன. கட்டி வளர்வது நின்றது, ஆனால் கரையவில்லை. ஊசியை நிறுத்தியதும் பொட்டு இல்லாத செல்களிலிருந்து பொட்டு வைத்த செல்கள் திரும்பவும் தோன்றி, கட்டி வளரத் தொடங்கிவிட்டது. டோக்கியோவில் மனிதக் கட்டியிலிருந்து வளர்த்த ஆர்கனாய்டுகளிலும், முதிர்ந்து வேலைக்குப் போய்விட்ட செல்கள் திரும்பித் தாயானதைக் கண்ணாரப் பார்த்தார்கள்.

ரணகள்ளி தெரியுமா? கட்டிப்போட்டால் குட்டிபோடும் என்றுகூட அதற்குப் பெயர் உண்டு. ஓர் இலையைக் கிள்ளி நூலில் கட்டித் தொங்கவிட்டால், மண்ணும் இல்லை, வேரும் இல்லை, இலை ஓரத்திலேயே குட்டிக் குட்டியாக முளைக்கும். குடல் கட்டி கோரைக்கிழங்கு என்று நினைத்திருந்தார்கள், பார்த்தால் ரணகள்ளி. கிழங்கைத் தேடித் தோண்டுவது போதாது, விழுகிற ஒவ்வோர் இலையும் முளைக்கக் கூடியது.

பரவுவதிலும் இதேதான். ஆம்ஸ்டர்டாமில் யாக்கோ வான் ரீனன் குழு 2020-இல் எலிகளில் காட்டியது: கட்டியிலிருந்து கிளம்பி வேறு உறுப்பில் போய் இறங்கும் செல்களில் பெரும்பாலானவை பொட்டு இல்லாதவை. போய் இறங்கிய இடத்தில் பொட்டை அவை வைத்துக்கொள்கின்றன. ஆனால் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். ஜெனென்டெக் ஆய்வில், கல்லீரலில் பரவிய கட்டி நிலைத்து வளர்வதற்குப் பொட்டு வைத்த செல்கள் தேவைப்பட்டன. அங்கே அவற்றைக் கொன்றது பலன் தந்தது. அப்படியானால் ஒரே செல், குடலில் இருக்கும்போது ஒரு மாதிரியும் கல்லீரலில் இருக்கும்போது வேறு மாதிரியும் நடக்கிறது. இடத்தைப் பொறுத்து குணம்.

இனி மருந்துக்கு வருவோம். குடல் புற்றுநோய்க்கான கீமோவில் ஃபுளூரோயூராசில் இன்றும் முதுகெலும்பு. 1957-இல் சார்லஸ் ஹைடல்பர்கர் உருவாக்கியது. அதோடு ஆக்ஸாலிபிளாட்டின் அல்லது இரினோடீகன் சேர்ப்பார்கள். ஆக்ஸாலிபிளாட்டின் போட்டவர்களைக் கேட்டால் தெரியும், ஃப்ரிட்ஜுக்குள் கை விட்டால் விரல் நுனி சுரீர் என்று இழுக்கும், குளிர்ந்த தண்ணீர் தொண்டையில் முள்ளாகக் குத்தும். இவ்வளவு வேதனையையும் தாங்கிக்கொள்வது எதற்கென்றால், இந்த மருந்துகள் வேகமாகப் பிரியும் செல்களைப் பிடித்துக் கொல்கின்றன. பிரியாமல் சும்மா இருக்கும் செல் அவற்றின் கையில் அவ்வளவாகச் சிக்குவதில்லை.

இங்கேதான் இத்தனை வருடங்களாக நாம் சொல்லிவந்த விளக்கம் பாதிதான் என்று தெரிந்தது. அந்தப் பழைய விளக்கம் இது: கட்டிக்குள் கோடிக்கணக்கான செல்களில் ஏதோ ஒன்றிரண்டில் தற்செயலாக மருந்தைத் தாங்கும் மரபணு மாற்றம் இருக்கும், மற்றவை சாகும், அது மட்டும் பிழைத்துப் பெருகும். பூச்சிமருந்துக்கு அடங்காத கொசு வருகிற மாதிரி. இது பொய் இல்லை. செல்லின் ஒரு குறிப்பிட்ட புரதத்தை மட்டும் தாக்கும் செடுக்சிமாப் போன்ற குறிவைத்த மருந்துகளில் இது நேரடியாகவே தெரிகிறது. 2012-இல் இதே வகை மருந்து எடுத்த, கே.ராஸ் மாற்றம் இல்லாத 24 நோயாளிகளின் ரத்தத்தைத் தொடர்ந்து பார்த்ததில், 9 பேருக்குச் சில மாதங்களில், அந்த மருந்தைத் தாங்கவைக்கும் கே.ராஸ் மாற்றம் தலைகாட்டியது. ஆனால் கீமோவுக்குப் பிறகு மிஞ்சும் செல்களை எடுத்துப் பார்த்தால் பல நேரம் புதிய மாற்றம் எதுவுமே இருப்பதில்லை. அதே மரபணு, அதே செல், ஆனால் சாகவில்லை.

டொரொன்டோவில் கேத்தரின் ஓ'பிரையன் குழு 2021-இல் வெளியிட்ட சோதனை இதற்கு மிகத் தெளிவான விடை தந்தது. கட்டிச் செல்கள் ஒவ்வொன்றுக்கும் வைரஸ் மூலம் ஒரு தனி டி.என்.ஏ. அடையாள எண்ணைக் கொடுத்தார்கள், ரேஷன் கார்டு எண் மாதிரி, ஒருவருடையது இன்னொருவருக்கு இருக்காது. பிள்ளை செல்லுக்கும் அதே குடும்ப எண்தான். இந்தச் செல்களை எலியில் வளர்த்து, கீமோ கொடுத்து, கட்டி அடங்கி, மருந்தை நிறுத்தியபின் திரும்ப வளர்ந்ததும் எண்களைப் படித்தார்கள். சில சிறப்புச் செல்கள் மட்டும் தப்பியிருந்தால், கடைசியில் ஒரு கைப்பிடி எண்கள்தான் மிஞ்சியிருக்க வேண்டும். ஆனால் ஆரம்பத்தில் இருந்த எண்களின் பன்மை அப்படியே இருந்தது. அப்படியென்றால் எல்லாக் குடும்பங்களிலிருந்தும் யாரோ சிலர் தப்பியிருக்கிறார்கள். தப்பிக்கும் திறமை ஒரு சிலருக்குப் பிறவியில் வாய்த்தது இல்லை, எந்தச் செல்லும் அந்த நிலைக்குள் போக முடியும்.

அது என்ன நிலை? கங்காரு பற்றி ஒரு விஷயம் சொல்கிறேன். பையில் ஒரு குட்டி பால் குடித்துக்கொண்டிருக்கும்போது, தாய்க்குள் இன்னொரு கரு நூறு செல் அளவில் அப்படியே நின்றுபோய்க் காத்திருக்கும். சாகாது, வளராது. முதல் குட்டி வெளியேறியதும் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். டயாபாஸ் என்று இதற்குப் பெயர், எலிக்கும் உண்டு. கீமோவுக்குத் தப்பிய குடல் புற்றுச் செல்களில் எந்தெந்த மரபணு பேசுகிறது என்று பார்த்தபோது, இந்தக் காத்திருக்கும் எலிக் கருவோடு அது ஒத்துப்போனது. சாப்பாட்டைக் குறைத்து, பிரிவதை நிறுத்தி, தன் உள்சரக்கையே கொஞ்சம் கொஞ்சமாகச் செரித்துக்கொண்டு, மழை ஓயும்வரை திண்ணையில் ஒதுங்கியிருக்கிற மாதிரி ஒதுங்கியிருக்கின்றன. தானே தன்னைச் செரிக்கும் அந்த வேலையைத் தடுத்தபோது அந்தச் செல்கள் பிழைக்கத் திணறின. மருந்துக்கான ஒரு பிடி அங்கே இருக்கிறது.

இப்படிப்பட்ட செல்களை ஆய்வாளர்கள் பெர்சிஸ்டர் என்கிறார்கள், தாக்குப்பிடிப்பவை என்று சொல்லலாம். இந்தச் சொல்லே புற்றுநோயிலிருந்து வந்ததில்லை. 1944-இல் ஜோசப் பிகர் என்பவர் பென்சிலினுக்குச் சாகாத கிருமிகளுக்கு வைத்த பெயர் அது. அந்தக் கிருமிகளின் பிள்ளைகளுக்கு மீண்டும் பென்சிலின் கொடுத்தால் பெரும்பாலானவை செத்தன, ஆகவே அவை எதிர்ப்பு பெற்றவை அல்ல, அந்த நேரத்துக்கு ஒதுங்கியவை. குடல் புற்றிலும் அதேதான் நடக்கிறது. முதலில் வேலை செய்த அதே கீமோ, இடைவெளி விட்டுக் கொடுத்தால் சிலருக்கு மறுபடி வேலை செய்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

ஒதுங்கியவை எப்படி விழிக்கின்றன என்பது 2022-இல் சாட்டோவின் குழு சொன்னது. கட்டிக்குள் பொட்டு வைத்த செல்களிலேயே சில தூங்கிக்கொண்டிருக்கின்றன, அவை தங்கள் கீழ்த்தளத்தில் ஒருவகைக் கொலாஜன் புரதத்தால் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கீமோ வரும்போது அந்த ஒட்டு அறுபடுகிறது, அறுபட்டதும் யாப் என்ற புரதம் கிளம்பிச் செல்லை எழுப்பிவிடுகிறது. இதைப் படித்த நாளில் மனது கனத்துப்போனது. கொல்லப்போன மருந்தே தூங்கியதை எழுப்பவும் செய்கிறது. ஆனால் அதே ஆய்வில், யாப்பைத் தடுத்தால் கட்டி திரும்ப வளர்வது தள்ளிப்போனது என்பதும் இருக்கிறது. யாப் யார் என்றால் பழைய ஆள்தான்: குடலில் புண் ஆறும்போது செல்களைக் கரு நிலைக்குப் பின்னோக்கி அழைத்துப்போய்ச் சீக்கிரம் மூடச் சொல்வதும் அதுவே. அதனால்தான் இதைத் தடுப்பது கம்பிமேல் நடக்கிற வேலை. கட்டியின் தப்பிக்கும் வழியை அடைக்கப்போய், கீமோவால் புண்பட்ட நல்ல குடல் ஆறுகிற வழியையும் சேர்த்து அடைத்துவிடக் கூடாது.

இந்தத் தற்காலிக ஒதுங்கலும் நிரந்தர எதிர்ப்பும் வேறு வேறு கதைகள் இல்லை. இத்தாலியின் டூரின் நகரில் ஆல்பர்ட்டோ பர்டெல்லி குழு 2019-இல் காட்டியபடி, குறிவைத்த மருந்தின் நெருக்கடியில் ஒதுங்கியிருக்கும் குடல் புற்றுச் செல்கள் தங்கள் டி.என்.ஏ. பிழைதிருத்தும் வேலையைத் தளர்த்திக்கொள்கின்றன. பிழை கூடுகிறது. பிழைகளில் ஒன்று மருந்தைத் தாங்கும் மாற்றமாக அமைந்தால், ஒதுங்கியவர் அதற்கப்புறம் அங்கேயே குடியேறிவிடுவார். ஆகவே ஒதுங்கியிருக்கும் அந்தக் காலம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

சுற்றுப்புறமும் இதில் சேர்த்தி. கட்டி தனியாக இருப்பதில்லை, சுற்றிலும் நார்த்திசுச் செல்கள் உண்டு. லண்டனில் கிறிஸ் டேப் ஆய்வகம் 2023-இல் நோயாளிகளின் ஆர்கனாய்டுகளைத் தனியாகவும் இந்த நார்ச் செல்களோடு சேர்த்தும் வளர்த்து மருந்து கொடுத்தது. சேர்ந்து வளர்ந்தபோது சிலரது புற்றுச் செல்கள் வேகமாகப் பிரிவதை விட்டு மெதுவான நிலைக்கு மாறி, மருந்துக்குத் தப்பின. கண்ணாடித் தட்டில் தனியாக வளர்த்த செல்லைக் கொன்ற மருந்து ஆளிடம் தோற்றுப்போவதற்கு இது ஒரு காரணம்.

இதெல்லாம் நோயாளிக்கு எப்போதாவது பயன்பட்டிருக்கிறதா என்று கேட்பீர்கள். பட்டிருக்கிறது. பி.ராஃப் என்ற மரபணுவில் ஒரு குறிப்பிட்ட மாற்றம் இருந்தால், அதைத் தடுக்கும் மருந்து தோல் புற்றில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கட்டியைச் சுருக்கியது. அதே மாற்றம் உள்ள குடல் புற்றில் அதே மருந்து ஏறக்குறைய ஒன்றுமே செய்யவில்லை. 2012-இல் ஆம்ஸ்டர்டாமில் ரெனே பெர்னார்ட்ஸ் குழு காரணத்தைப் பிடித்தது: குடல் செல்லில் பி.ராஃபை அடைத்த உடனேயே ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற பக்கத்து வாசல் திறந்துகொள்கிறது. மரபணு மாற்றம் எதுவும் வேண்டாம், செல் தன் வழியை மாற்றிக்கொள்கிறது, அவ்வளவுதான். இரண்டு வாசலையும் சேர்த்து அடைத்தால்? பி.ராஃபை அடைக்கும் என்கோராஃபெனிப், ஈ.ஜி.எஃப்.ஆரை அடைக்கும் செடுக்சிமாப் இரண்டையும் சேர்த்துக் கொடுத்த பெரிய சோதனையில் 20 சதவீதம் பேருக்குக் கட்டி சுருங்கியது, வழக்கமான சிகிச்சையில் 2 சதவீதம்தான். 2020-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 20 என்பது சின்ன எண் என்று தோன்றலாம். அதற்கு முன் கையில் ஏதும் இல்லாத நோயாளிகளுக்கு அது சின்ன எண் இல்லை.

இதைப் படித்துவிட்டு, கீமோதான் எழுப்பிவிடுகிறதாமே, வேண்டாம் என்று யாரும் முடிவெடுத்துவிடாதீர்கள். நிணநீர் முடிச்சுவரை பரவிய நோயில் அறுவைக்குப் பிறகு கொடுக்கும் கீமோ, நோய் திரும்புவதை உறுதியாகக் குறைக்கிறது, எத்தனையோ பேர் அதனால்தான் இன்று வீட்டில் இருக்கிறார்கள். ஸ்கேன் சுத்தமாக வந்த பிறகும் சில மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்வதும் இதனால்தான். ஒதுங்கியிருக்கும் சில ஆயிரம் செல்கள் ஸ்கேனில் தெரியாது.

ஆய்வகத்தில் இந்த வேலை எப்படி இருக்கும் என்று கொஞ்சம் சொல்கிறேன். ஆர்கனாய்டு வளர்க்கும் ஜெல்லி குளிரில் திரவம், வெதுவெதுப்பில் உறைந்துவிடும். அதனால் குழாயைப் பனிக்கட்டியில் புதைத்து, பிப்பெட் முனைகளைக்கூட ஃப்ரீசரில் வைத்திருந்து, கை சூடு பட்டு உறைவதற்குள் தட்டின் குழிகளில் ஒவ்வொரு சொட்டாக விட வேண்டும். 37 டிகிரி பெட்டியில் வைத்து, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஊட்டம் மாற்ற வேண்டும், தீபாவளியானாலும் கிறிஸ்துமஸானாலும். ஒரு வாரத்தில் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் சொட்டுக்குள் சோப்பு நுரை மாதிரி உருண்டை உருண்டையாக நிறைந்திருக்கும். மருந்து ஊற்றியதும் உருண்டைகள் கருத்து நொறுங்கும். தட்டைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று தோன்றும், போடக் கூடாது. மருந்தைக் கழுவிவிட்டு, வெறும் ஊட்டம் கொடுத்துக்கொண்டே காத்திருக்க வேண்டும். பல நாள் ஒன்றும் இருக்காது. பிறகு ஒரு காலையில், கருப்புத் தூசிக்கு நடுவே ஒரே ஒரு தெளிந்த உருண்டை.

இப்போது கேட்கப்படும் கேள்வி அந்த இடைவெளியைப் பற்றியது. ஒதுங்கிய செல்லை அடிக்கும் இரண்டாவது மருந்தை எப்போது கொடுப்பது? கீமோவோடு சேர்த்தா, கீமோ முடிந்த மறுநாளா, அவை விழிக்கப்போகும் நேரமா? அதற்காக 96 குழித் தட்டு ஒன்றை எடுத்து, முதல் வரிசைக்கு இன்று, அடுத்த வரிசைக்கு மூன்றாம் நாள், அதற்கடுத்ததற்கு ஏழாம் நாள் என்று மூடிமேல் மார்க்கரால் குறித்து வைத்து, எந்த வரிசையில் நுரை திரும்ப வருகிறது, எதில் வரவே இல்லை என்று தினமும் காலையில் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.